நன்னீர்க் கடலில் ராஜ மீன்

ஏரி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் மனத்தில் தோன்றும் சித்திரம் ஒன்று உண்டு. ஒரு புறம் நீண்ட மண் கரை; கரை மேல் வரிசையாகப் பனைமரங்கள்; மதகடியில் துணி துவைக்கும் பெண்கள்; எதிர்க்கரையில் மேயும் மாடுகள். நல்ல மழை பெய்த வருஷத்தில் கலங்கல் வழியாக ஜலம் வழிந்தோடும். மழை பொய்த்த வருஷத்தில் ஏரிக்குள்ளேயே வெள்ளரிக்காய் பயிராகும். இந்தச் சித்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஐக்கிய அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் ஏரியின் கரையில் போய் நிற்பவர் திகைத்துத்தான் போவார்.

அங்கே எதிர்க்கரை என்பது கண்ணுக்குத் தெரியாது. அலைகள் வந்து மணலில் மோதிக் கொண்டேயிருக்கும். கரையோரமாக மலை போன்ற வெண்மணற் குன்றுகள். முனைக்கு முனை கலங்கரை விளக்கங்கள். தூரத்தில் புகை கக்கிச் செல்லும் கப்பல். ஒரு கை ஜலத்தை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தால்தான், உப்பு இல்லை, இது கடல் அன்று என்ற நிச்சயம் ஏற்படும்.

அந்த ஏரியின் நீளம் 307 மைல். மிக அகன்ற இடத்தில் குறுக்களவு 118 மைல். மிக ஆழமான இடத்தில் 923 அடி. அதன் பரப்பு சுமார் 22,300 சதுர மைல். இலங்கைத் தீவின் பரப்பு ஏறக்குறைய 25,300 சதுர மைல் என்பதை நினைத்துப் பார்த்தால் ஏரியின் அளவு ஒருவாறு விளங்கும். இப்படிப்பட்ட ஏரிகள் அங்கே ஒன்றல்ல, ஐந்து: சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒண்டேரியோ. பூமியின் மேற்பரப்பில் உள்ள நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவ்வைந்திலும் அடங்கியிருக்கிறது. மற்ற நான்கையும் அமெரிக்காவும் கனடாவும் பங்கு போட்டுக் கொண்டிருக்க, மிச்சிகன் ஒன்று மட்டும் முழுவதும் அமெரிக்க எல்லைக்குள் இருக்கிறது. அந்நாட்டின் பூர்வ குடிகளான அனிஷினாபே மக்களின் பாஷையில் 'பெருநீர்' என்று பொருள்படும் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது.

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டு மாதத்தில் இந்தப் பெருநீரை நோக்கிக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் புறப்பட்டு வருகிறார்கள். ஸால்மன், ட்ரௌட் என்னும் மீன்களைத் தூண்டில் போட்டுப் பிடிப்பதே அவர்களுடைய நோக்கம். மீன் என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிக்கும் நேயர்களும் நம்மிடையே உண்டு. அவர்களும் தாராளமாக மேலே படிக்கலாம். மீனைப் பிடிக்கும் கதையைக் காட்டிலும், அந்த மீன் ஏரிக்குள் வந்து சேர்ந்த கதைதான் அதிக விசித்திரமானது.

லடிங்டன் துறை

மிச்சிகன் ராஜ்யத்தின் மேற்குக் கரையில், பேர் மார்க்கெட் என்னும் நதி ஏரியில் கலக்கும் இடத்தில் லடிங்டன் என்ற சிறு பட்டணம் இருக்கிறது. 1675-ம் வருஷத்தில் இக்கரையோரத்தில் உயிர் நீத்த பிரெஞ்சுப் பாதிரியார் மார்க்கெட்டின் பெயரைத்தான் அந்நதி தாங்கியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர் மரம் அறுக்கும் ஆலைகளால் செழித்தது. வானளாவிய பைன் மரங்களை வெட்டி, ஆற்றில் மிதக்கவிட்டு, அறுத்துக் கப்பலேற்றினார்கள். சிகாகோ நகரம் 1871-ல் தீக்கிரையான பிறகு மீண்டும் எழும்புவதற்கு மிச்சிகன் காடுகளின் மரங்கள் பெரிதும் உதவின. காடு தீர்ந்தது, ஆலைகளின் ஓசையும் ஓய்ந்தது. மரத்தால் வாழ்ந்த பல ஊர்களுக்கு மீன்தான் பிற்காலத்தில் கை கொடுத்தது.

இன்றைக்கு லடிங்டன் துறையில் இரண்டு காட்சிகளைப் பிரயாணிகள் தவறாமல் பார்க்கிறார்கள். ஒன்று, 'பாட்ஜர்' என்னும் பழைய நிலக்கரிக் கப்பல். ரயில் வண்டிகளை ஏற்றிச் செல்வதற்காகக் கட்டப்பட்டு, 1953-ல் ஓடத் தொடங்கிய இக்கப்பல், கோடை காலங்களில் மோட்டார்களையும் மனிதர்களையும் சுமந்துகொண்டு அக்கரையிலுள்ள மானிட்டோவாக் நகருக்குப் போய் வருகிறது. அக்கரை சேர நான்கு மணி நேரமாகும். மற்றொன்று, துறையில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் வாடகை மீன்பிடி படகுகள். முப்பதடி நீளமுள்ள இப்படகுகளின் பின்புறம் முழுவதும் தூண்டிற்கோல்கள் முள்ளம்பன்றியின் முட்களைப் போல் நீட்டிக் கொண்டிருக்கும்.

படகுக்குச் சொந்தக்காரரே பெரும்பாலும் காப்டனாக இருப்பார். அமெரிக்கக் கரையோரக் காவற்படையினர் நடத்தும் பரீட்சையில் தேறி அநுமதிப் பத்திரம் பெற்றவரே காசு வாங்கிக் கொண்டு பிறரை ஏற்றிச் செல்லலாம். சாதாரணமாக இத்தகைய படகில் ஆறு பிரயாணிகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. காப்டனுக்குத் துணையாக ஓர் உதவியாள் உண்டு. கோல்களை ஆயத்தம் செய்வது, முள்ளில் சிக்கிய மீனைக் கைவலையால் அள்ளுவது, கரைக்கு வந்ததும் மீனைச் சுத்தம் செய்து கொடுப்பது எல்லாம் உதவியாளின் வேலை. ஒரு முறையும் தூண்டிலைத் தொட்டறியாத பாட்டியும் பேரனும் இப்படகில் ஏறித் திரும்பும்போது கூடை நிறைய மீனுடன் வரலாம். இதனாலேயே குடும்பங்கள் இந்த உல்லாசத்தை விரும்புகின்றன.

விடியுமுன் புறப்பாடு

ஸால்மன் வேட்டைக்குத் தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டும். காலை ஐந்து மணிக்கு, நட்சத்திரங்கள் மங்குவதற்கு முன்பே, படகுகள் துறையை விட்டுக் கிளம்பி விடும். அலைதாங்கிச் சுவரின் நுனியில் 1924-ல் கட்டிய வெண்ணிறக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதைக் கடந்ததும் ஏரிக் காற்று முகத்தில் அடிக்கும். ஆகஸ்டு மாதமே ஆனாலும் கம்பளிச் சட்டை இல்லாதவர் வருத்தப்படுவார். வடக்கே, மணற் குன்றுகளுக்கு நடுவில், 1867-ல் ஏற்றப்பட்ட பிக் சேபிள் முனை விளக்கத்தின் ஒளி தெரியும். கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் பூசிய அந்த ஸ்தம்பம் 112 அடி உயரமுள்ளது.

இருட்டிலேயே வேலை தொடங்குகிறது. ஸால்மன் மங்கலான ஒளியில்தான் உற்சாகமாக இரை பிடிக்கும். ஆகையால் இருளில் ஒளிரும் வர்ணம் பூசிய தகடுகளைக் கைவிளக்கின் முன் சற்றுக் காட்டி, அவை பச்சையாக மின்னத் தொடங்கியதும் ஜலத்தில் இறக்குகிறார்கள். சிறு மீன் போல் நெளிந்து செல்லும்படி தகடு வளைக்கப்பட்டிருக்கும். மீனைப் பிடிக்கும் முள் அதன் வாலில் இருக்கும்.

இங்கே நமது குளக்கரை முறை செல்லாது. மிதப்புக் கட்டையைப் பார்த்துக் கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் மாலை வரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். படகு மணிக்கு இரண்டு அல்லது மூன்று மைல் வேகத்தில் மெல்ல ஊர்ந்து கொண்டேயிருக்கும். பத்துப் பன்னிரண்டு தூண்டில்கள் அதன் பின்னால் இழுபட்டு வரும். அவற்றை ஒன்றோடொன்று சிக்காமல் வைத்திருப்பதே ஒரு கலை. சில தூண்டில்களின் நூலைப் பக்கவாட்டில் விலகிச் செல்லும் மரப்பலகைகளில் மாட்டிப் படகுக்கு வெகு தூரத்தில் ஓடவிடுவார்கள்.

ஆழத்தில் இறக்கும் வித்தையோ அதைவிட நுட்பமானது. கோடையில் ஏரியின் மேற்பரப்பு சுமார் 70 டிகிரி பாரன்ஹீட் வரை சூடேறி விடும். கீழே போகப் போக, ஓரிடத்தில் திடீரென்று குளிர் தாக்கும். வெந்நீரும் தண்ணீரும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கலவாமல் நிற்பது போன்ற நிலை அது. ஸால்மன் 50 முதல் 55 டிகிரி வரையுள்ள குளிர்ச்சியையே நாடும். ஆகவே மீன் எந்த ஆழத்தில் இருக்கும் என்பதை வெப்பமானி சொல்லி விடுகிறது. 'டவுன்ரிக்கர்' என்னும் சிறு பாரந்தூக்கியிலிருந்து பத்துப் பன்னிரண்டு ராத்தல் எடையுள்ள குண்டு ஒன்றைக் கம்பியில் கட்டி அந்த ஆழத்துக்கு இறக்குகிறார்கள். தூண்டில் நூலை அக்கம்பியில் ஒரு கவ்வியால் மாட்டியிருப்பார்கள். மீன் தகட்டைக் கவ்வியதும் நூல் கவ்வியிலிருந்து விடுபட்டுக் கொள்ளும். அதன் பின் குண்டின் பாரம் இல்லாமல், மீனும் மனிதனும் நேருக்கு நேர்.

காற்றையும் காப்டன் கவனிக்கிறார். கிழக்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ இரண்டு நாள் விடாமல் காற்று வீசினால், சூடான மேல்நீர் கரையை விட்டு விலகிப் போகும். அதனிடத்தில் அடியிலுள்ள குளிர்ந்த நீர் கரையோரமாக மேலெழும்பும். குளிரைத் தொடர்ந்து மீனும் வரும். முதல் நாள் பத்து மைல் தூரம் தேடிப் போன மீன், மறுநாள் அலைதாங்கிச் சுவரின் அருகிலேயே அகப்படுவதுண்டு.

ராஜாவின் ஓட்டம்

ஸால்மன்களில் பெரியதற்குச் சினூக் என்று பெயர். அவ்வூரார் அதை 'கிங்', அதாவது ராஜா என்றே அழைக்கிறார்கள். அப்பெயர் பொருத்தமானதே. மற்ற மீன்கள் முள்ளில் மாட்டியதும் துள்ளும், சுழலும், சற்று நேரத்தில் சோர்ந்து விடும். ராஜா அப்படியல்ல. கோல் வில்லாக வளைந்து படகின் விளிம்பைத் தொடும். நூல் சுற்றிய சக்கரம் 'கிர்' என்று அலறும். நூறு கெஜம், நூற்றைம்பது கெஜம் என்று நூல் ஓடிக் கொண்டேயிருக்கும். பிடித்திருப்பவர் புதியவராயிருந்தால், நூலை நிறுத்த வேண்டுமென்று பதறுவார். காப்டன், "ஓடட்டும், விடுங்கள்!" என்று சொல்லுவார். ஓடும் மீனை நிறுத்தப் பார்த்தால் நூல்தான் அறும். அது ஓயும்போது இழுக்க வேண்டும். ஓடும்போது பொறுக்க வேண்டும். கால் மணி நேரம் இப்படி நடந்த பிறகு, பச்சை நீருக்கடியில் வெள்ளித் தகடு போல் ஒரு பக்கம் பளிச்சிடும். உதவியாள் கைவலையை நீட்டுவார். படகைக் கண்டதும் ராஜா கடைசி முறையாக ஒரு பாய்ச்சல் பாயும். வலைக்குள் வந்து விழுந்த பிறகே எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

ஆகஸ்டு மாதத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு என்றால், சினூக் தன் ஆயுளில் மிகப் பருத்திருக்கும் காலம் அதுவே. பிறந்து மூன்று நான்கு வருஷங்கள் ஏரியில் இரை தின்று வளர்ந்த மீன்கள், முட்டையிடுவதற்காகத் தாம் புறப்பட்ட நதிகளின் முகத்துவாரத்தில் அப்போது வந்து கூடுகின்றன. 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் லடிங்டனுக்கு எதிரே வாடகைப் படகு ஒன்றில் சென்ற பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் 47.86 ராத்தல், அதாவது ஏறக்குறைய 22 கிலோ எடையுள்ள சினூக்கைப் பிடித்தார். 1978 முதல் நிலைத்திருந்த 46.06 ராத்தல் என்ற மிச்சிகன் ராஜ்யச் சாதனை அன்று முறிந்தது.

இத்தகைய மீனைக் கண்டதும் ஏரியின் ஆதி குடி அதுதான் என்று எவரும் எண்ணுவார்கள். உண்மை அதுவன்று. 1960-களுக்கு முன்பு இந்த ஏரியில் ஸால்மன் வேட்டை என்ற பேச்சே கிடையாது. பசிபிக் சமுத்திரத்து மீன் அது. அமெரிக்காக் கண்டத்தின் மறு கோடியிலிருந்து மனிதர்களே கொண்டு வந்து விட்டார்கள். ஏன் கொண்டு வந்தார்கள் என்பதில் எல்லோரும் அறிய வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

வாய்க்கால் செய்த வினை

இந்த ஏரிகளின் பூர்வீக ராஜா 'லேக் ட்ரௌட்' என்னும் மீன். குளிர்ந்த ஆழத்தில் மெல்ல வளர்ந்து, பல வருஷம் வாழக்கூடியது. 1940-களின் முற்பகுதியில் மிச்சிகன் ஏரியில் மட்டும் வருஷத்துக்கு 60 லட்சம் ராத்தலுக்குக் குறையாமல் அதை வலை போட்டுப் பிடித்து வந்தார்கள். பத்தே வருஷங்களில் அந்த இனம் அவ்வேரியில் அற்றுப் போயிற்று.

காரணம் என்ன? ஒண்டேரியோ ஏரிக்கும் மேலேயுள்ள மற்ற நான்கு ஏரிகளுக்கும் இடையில் நயாகரா நீர்வீழ்ச்சி இருக்கிறது. அது இயற்கை அமைத்த கோட்டைச் சுவர். கீழேயுள்ள பிராணி எதுவும் அதில் ஏறி மேலே போக முடியாது. கப்பல்கள் ஏறிச் செல்வதற்காக அச்சுவரைச் சுற்றி வெல்லண்ட் என்னும் கால்வாயை வெட்டினார்கள். அது 1829-ல் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் ஆழமாகவும் அகலமாகவும் ஆக்கப்பட்டது. கோதுமையும் இரும்பும் போன வழியே, லாம்ப்ரே என்ற கடற்பிராணியும் போயிற்று. அது 1921-ல் ஈரி ஏரியிலும், 1936-ல் மிச்சிகன் ஏரியிலும் காணப்பட்டது.

லாம்ப்ரே பார்வைக்கு விலாங்கு போன்றது. அதற்குத் தாடை கிடையாது. வட்டமான வாயில் வளையம் வளையமாகப் பற்கள் உண்டு. பெரிய மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு துளை போட்டு இரத்தத்தை உறிஞ்சும். ஒரு லாம்ப்ரே தன் ஆயுளில் 40 ராத்தல் மீன் வரையில் கொன்று விடக் கூடும். லேக் ட்ரௌட் அதற்குத் தற்காப்பு அறியாதது. வலைக்குத் தப்பியதை லாம்ப்ரே தீர்த்தது.

பெரிய மீன் ஒழிந்ததும் வேறொரு தொல்லை வந்தது. அதே வழியாக வந்த ஏல்வைஃப் என்னும் சிறு கடல்மீன் 1949-ல் மிச்சிகன் ஏரியில் முதன் முதலாகத் தென்பட்டது. தின்பதற்கு ஆளில்லாத நாட்டில் அது கணக்கின்றிப் பெருகிற்று. 1967-ம் வருஷக் கோடையில் ஏல்வைஃப்கள் திரள் திரளாக மாண்டு கரையொதுங்கின. சிகாகோவின் அழகிய கடற்கரை போன்ற ஏரிக்கரையில் அழுகிய மீனை யந்திரங்களைக் கொண்டு வாரிக் குவிக்க நேர்ந்தது. நாற்றம் தாங்காமல் கோடைவாசிகள் ஓடிப் போனார்கள்.

ஒரிகனிலிருந்து வந்த விருந்தாளி

இந்த அவலத்தைத் தீர்ப்பதற்கு இரு வழிகளில் முயற்சி நடந்தது. அமெரிக்காவும் கனடாவும் 1954-ல் உடன்படிக்கை செய்துகொண்டு, ஏரிகளின் மீன்வளத்தைக் காக்க ஒரு பொதுக் கமிஷனை ஏற்படுத்தின. லாம்ப்ரேயைக் கொல்ல மருந்து தேடி ஹூரான் ஏரிக்கரை ஆராய்ச்சிசாலை ஒன்றில் சுமார் 6,000 இரசாயனங்களைப் பரீட்சை செய்தார்கள். கடைசியில், மற்ற மீன்களுக்கு அதிகக் கேடின்றி லாம்ப்ரேக் குஞ்சுகளை மட்டும் அழிக்கும் மருந்து ஒன்று கிடைத்தது. 1958 முதல் லாம்ப்ரே முட்டையிடும் ஓடைகளில் அதை ஊற்றி வருகிறார்கள். அதன் தொகையை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைத்து விட்டார்கள்.

இரண்டாவது முயற்சியைத் தொடங்கியவர் ஹவர்ட் டானர். 1964-ல் மிச்சிகன் ராஜ்ய மீன்துறையின் தலைமைப் பதவியை ஏற்ற அவர், ஏரி நிறைய ஏல்வைஃப் வீணாகக் கிடப்பதைப் பார்த்தார். பிறருக்குத் தொல்லையாகத் தோன்றியது அவருக்கு இரையாகத் தோன்றியது. ஒரிகன் ராஜ்யத்திலிருந்து கோஹோ என்னும் ஸால்மனின் முட்டைகள் சுமார் பத்து லட்சம் கிடைத்தன. அவற்றைப் பொரிக்க வைத்து வளர்த்து, 1966-ம் வருஷ வசந்தத்தில் சுமார் எட்டரை லட்சம் குஞ்சுகளை பிளாட் நதி முதலிய மூன்று ஓடைகளில் விட்டார்கள். மறு வருஷம் சினூக் குஞ்சுகளையும் விட்டார்கள்.

1967-ம் வருஷ இலையுதிர் காலத்தில் கோஹோ மீன்கள் கொழுத்துத் திரும்பி வந்தபோது மிச்சிகன் ஜனங்களுக்கு ஒருவிதப் பைத்தியமே பிடித்து விட்டது. மோட்டார்களின் பின்னால் சிறு படகுகளைக் கட்டி இழுத்துக் கொண்டு ஆயிரக் கணக்கில் வந்து குவிந்தார்கள். ஏரியையும் அதன் கோபத்தையும் அறியாதவர்கள் பலர். அவ்வருஷம் செப்டம்பர் 23-ம் தேதி திடீரென்று புயல் எழுந்தது. பிளாட் விரிகுடாப் பக்கத்தில் நூற்றுக் கணக்கான சிறு படகுகள் அலைகளில் அகப்பட்டுக் கொண்டன. ஏழு பேர் மாண்டார்கள். அநுபவமுள்ள காப்டனும் உறுதியான படகும் அவசியம் என்பதை அந்தத் துயர தினம் எல்லோருக்கும் உணர்த்தியது.

புதிய மீன் கரையோரப் பட்டணங்களுக்குப் புது வாழ்வு கொடுத்தது. தங்கும் விடுதிகள் நிறைந்தன. சாப்பாட்டுக் கடைகள் பெருகின. இதற்கான செலவில் பெரும் பகுதியை மீன் பிடிப்பவர்களே கொடுக்கிறார்கள். மீன்பிடி உத்தரவுச் சீட்டுக்கு அவர்கள் செலுத்தும் பணம் இப்பணிக்கே போகிறது. தூண்டில், சக்கரம் முதலிய கருவிகளின் மீது விதிக்கும் வரியையும் இதற்கே செலவிட வேண்டுமென்று 1950-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் செய்தது. அச்சட்டத்தைக் கொண்டு வந்தவர்களில் ஒருவர் மிச்சிகன் பிரதிநிதி.

பூர்வ குடிகளின் பாத்தியதை

ஏரியின் கதையைச் சொல்லும்போது அதன் முதற் பிள்ளைகளை மறப்பது நியாயமாகாது. ஐரோப்பியர் கால் வைப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அனிஷினாபே மக்கள் இந்த ஏரிகளில் வலை வீசி வாழ்ந்து வந்தார்கள். 1836-ல் வாஷிங்டனில் செய்த உடன்படிக்கையின்படி அவர்கள் ஏராளமான நிலத்தை அமெரிக்க சர்க்காருக்குக் கொடுத்தார்கள். நிலம் போயிற்று, மீன் பிடிக்கும் உரிமையை அவர்கள் விட்டுக் கொடுக்கவில்லை. ஆனாலும் பிற்காலத்தில் ராஜ்ய அதிகாரிகள் அவ்வுரிமையை ஒப்புக் கொள்ள மறுத்தார்கள். 1971-ல் ஆல்பர்ட் லபிளாங்க் என்னும் பூர்வ குடி மீனவர் தடையை மீறி வலை போட்டுக் கைதானார். உப்பெடுக்கும் உரிமைக்காகச் சட்டத்தை மீறிய நாட்டில் பிறந்த நமக்கு அச்செயலின் பொருளை விளக்க வேண்டியதில்லை. நியாயஸ்தலங்களில் பல வருஷம் வழக்கு நடந்தது. 1979-ல் நீதிபதி நோயல் பாக்ஸ், உடன்படிக்கை அளித்த உரிமை இன்னும் உயிருடன் இருக்கிறது என்று தீர்ப்பளித்தார்.

உல்லாசத்துக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் அப்போது கடுங்கோபம் கொண்டார்கள். துறைகளில் கைகலப்புகள் கூட நேர்ந்தன. பிறகு 1985, 2000, 2023 ஆகிய வருஷங்களில் கோர்ட்டின் மூலம் ஏற்பட்ட உடன்பாடுகள் யார் எங்கே எவ்வளவு பிடிக்கலாம் என்பதை வரையறுத்திருக்கின்றன. இன்று பூர்வ குடியினரும் தாங்களே குஞ்சு வளர்த்து ஏரியில் விடுகிறார்கள். ராஜ்ய அதிகாரிகளுடன் சமமாக அமர்ந்து கணக்குப் பார்க்கிறார்கள்.

ஆடும் தராசு

இத்தனை பாடுபட்டும் ஏரி நிம்மதியாக இருக்கிறதா என்றால், இல்லை. அயல்நாட்டுக் கப்பல்கள் பாரத்துக்காக அடிவயிற்றில் நிரப்பி வந்த ஜலத்துடன் இரண்டு வகைச் சிப்பிகள் வந்து சேர்ந்தன. அவற்றில் குவாக்கா என்னும் சிப்பி மிச்சிகன் ஏரியில் 1997-ல் காணப்பட்டது. கட்டை விரல் நகமளவே உள்ள அச்சிப்பிகள் இன்று ஏரியின் அடித்தளத்தைக் கோடானு கோடியாக மூடியிருக்கின்றன. ஜலத்திலுள்ள நுண்ணிய உயிர்களை அவை வடிகட்டித் தின்று விடுகின்றன. ஏரி கண்ணாடி போல் தெளிந்து விட்டது. பார்ப்பதற்கு அழகுதான், ஆனால் அந்தத் தெளிவு பட்டினியின் அடையாளம். நுண்ணுயிர் குறைந்தால் ஏல்வைஃப் குறையும். ஏல்வைஃப் குறைந்தால் சினூக்குக்கு ஆகாரம் ஏது?

பக்கத்து ஹூரான் ஏரியில் இதன் முடிவை எல்லோரும் கண்ணாரக் கண்டார்கள். 2003, 2004 வருஷங்களில் அங்கே ஏல்வைஃப் இனம் நொறுங்கி விழுந்தது. சினூக் மெலிந்து மறைந்தது. ஸால்மனை நம்பியிருந்த பல துறைகளில் படகுகள் விலைக்கு வந்தன. அந்த அச்சத்தால்தான் மிச்சிகன் ஏரியில் விடும் சினூக் குஞ்சுகளின் தொகையை 1999 முதல் பல முறை வெட்டிக் குறைத்தார்கள். குஞ்சை அதிகம் விட்டால் மீன் அதிகம் கிடைக்கும் என்பது காப்டனின் எண்ணம். குஞ்சை அதிகம் விட்டால் இரை தீர்ந்து எல்லாமே போய்விடும் என்பது விஞ்ஞானியின் பயம். ஒருவருக்கு இந்த வருஷத்து வீட்டு வாடகை. மற்றவருக்கு இருபது வருஷத்துக்குப் பின் உள்ள ஏரி. இருவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது.

இதற்கிடையில் ஆதி குடியான லேக் ட்ரௌட்டையும் மீட்கப் பார்க்கிறார்கள். 1965 முதல் மிச்சிகன் ஏரியில் அதன் குஞ்சுகளை விட்டு வருகிறார்கள். சுப்பீரியர் ஏரியில் அது பழைய நிலைக்கு முற்றும் திரும்பி விட்டதாக 2024-ல் அறிவித்தார்கள். அழிக்கப் பத்து வருஷம் போதும். மீட்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மீனைச் சாப்பிடும் விஷயத்திலும் எச்சரிக்கை தேவையாயிருக்கிறது. தொழிற்சாலைகளிலிருந்து முற்காலத்தில் ஏரியில் கலந்த இரசாயனங்கள் பெரிய மீன்களின் கொழுப்பில் தங்கியிருக்கின்றன. எந்த மீனை மாதத்துக்கு எத்தனை தடவை உண்ணலாம் என்று ராஜ்யச் சுகாதார இலாகா அட்டவணை வெளியிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அளவு விஷயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

நமது நீலகிரியிலும்

இவையெல்லாம் தூர தேசத்து விவகாரம் என்று நாம் ஒதுக்க வேண்டியதில்லை. மிச்சிகன் ஏரியில் படகுக்காரர்கள் 'ஸ்டீல்ஹெட்' என்று கொண்டாடும் மீன், வானவில் ட்ரௌட் என்ற இனமேயாகும். பசிபிக் கரையைச் சேர்ந்த அதே இனத்தை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்கார துரைமார் தங்கள் தூண்டில் சுகத்துக்காக நீலகிரியின் ஓடைகளிலும் கொண்டு வந்து விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சு பொரிக்கும் நிலையமும் ஏற்பட்டது. துரைமார் போய் விட்டார்கள், மீன் இருக்கிறது. அம்மீனுக்கு முன்பு அவ்வோடைகளில் வாழ்ந்தவை எவை, இன்று அவற்றின் கதி என்ன என்று கணக்குப் பார்க்க வேண்டியது இனி நம்முடைய பொறுப்பு.

நதி ஏறும் காலம்

செப்டம்பர் பிறந்ததும் லடிங்டன் துறையில் கூட்டம் குறைகிறது. முகத்துவாரத்தில் காத்திருந்த சினூக்குகள் முதல் மழை வெள்ளம் கண்டு நதிக்குள் நுழைகின்றன. அப்போது அவற்றின் வெள்ளி நிறம் மாறிக் கறுத்துப் போகும். ஆண் மீனின் தாடை கொக்கி போல் வளையும். இரை தின்பதை அவை அடியோடு நிறுத்தி விடும். கல்லிலும் கட்டையிலும் அடிபட்டு, துடுப்பு கிழிந்து, ஜலத்தை எதிர்த்து மைல் கணக்கில் ஏறி, கூழாங்கற்களுக்கிடையில் குழி பறித்து முட்டையிட்டபின் மாண்டு போகும். கரையில் நின்று பார்க்கும் குழந்தைகள் பேச்சு மூச்சற்று நிற்பார்கள்.

வடக்கே லிட்டில் மானிஸ்டீ என்னும் நதியில் ராஜ்ய சர்க்கார் தடுப்பு ஒன்று கட்டியிருக்கிறது. அங்கே வந்து சேரும் சில சினூக்குகளிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பதற்கு அனுப்புவார்கள். ஆனால், இன்று ஏரியில் உள்ள சினூக்குகளில் பாதிக்கு மேல் மனிதர் உதவியின்றி நதிகளிலேயே பிறந்தவை என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். விருந்தாளியாக வந்த மீன் வீட்டுக்காரனாகி விட்டது. அடுத்த வசந்தத்தில் எத்தனை குஞ்சு ஏரிக்குள் இறங்கும், அவற்றுக்கு எத்தனை ஏல்வைஃப் மிச்சமிருக்கும் என்று அதிகாரிகளும் காப்டன்களும் பனிக்காலம் முழுவதும் கூட்டம் போட்டு வாதாடுவார்கள். ஏரியோ அவர்களுடைய தீர்மானத்துக்குக் காத்திராமல், உறைந்த கரைக்கு அப்பால் அலையடித்துக் கொண்டிருக்கும்.